ஸ்காக்வேயில் கப்பலிறங்கி யூகான்வரை காரில் போய்வர: ஒருநாள் பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

அலாஸ்கா க்ரூஸ் நிற்கும் துறைமுகங்களில் ஜூனோ, கெச்சிகன், சிட்கா மூன்றுக்கும் வெளியூர்ச் சாலை கிடையாது. காரை வாடகைக்கு எடுத்தாலும் அந்த ஊரையே சுற்றி வரலாம், அவ்வளவுதான். ஸ்காக்வேயில் நிலைமை வேறு. அங்கிருந்து தென் க்ளாண்டைக் நெடுஞ்சாலை கடல்மட்டத்திலிருந்து மலையேறி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைக் கடந்து அந்நாட்டின் யூகான் பிரதேசத்துக்குள் போகிறது. ஒரே பகலில் கடல், கணவாய், ஏரிகள், மணல்மேடு எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் கப்பலேறலாம்.

இந்தப் பயணத்தில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் சாலையில் சறுக்குவதில்லை. வரிசையில் சறுக்குகிறார்கள். முதலில் யூகானிலுள்ள எமரால்டு ஏரியின் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள், பிறகு காரைப் பதிவு செய்கிறார்கள், கடைசியில்தான் கனடா விசாவும் கப்பல் கிளம்பும் நேரமும் நினைவுக்கு வருகின்றன. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே முடியுங்கள். ஒரு படியில் ‘முடியாது’ என்று வந்துவிட்டால் அடுத்த படிக்கான செலவு மிச்சம்.

1. கப்பல் நிற்கும் நேரத்தை முதலில் பாருங்கள்

டிக்கெட் பதிவில் ஸ்காக்வேக்கு எதிரே இரண்டு நேரங்கள் இருக்கும்: வரும் நேரம், கிளம்பும் நேரம். இவை இரண்டும் உங்களுக்கு நேரடியாக உதவா. கப்பல் கரை சேர்ந்ததும் கதவு திறந்துவிடாது. அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகே இறங்கலாம். கிளம்பும் நேரத்துக்கு முன்பே ‘ஆல் அபோர்டு’, அதாவது எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம், வந்துவிடும். வழக்கமாக அரை மணி முன்னதாக, சில கப்பல்களில் ஒரு மணி முன்னதாக. உங்கள் பகல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஸ்காக்வேயில் காலை 7 மணிக்கு வந்து இரவு 8 மணிவரை நிற்கும் கப்பல்களும் உண்டு, மாலை 6 மணிக்கே கிளம்புபவையும் உண்டு, நண்பகலில் வருபவையும் உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். போன வருடம் போய்வந்த நண்பரின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்பதையும் பாருங்கள். பிராட்வே, ஓர், ரயில்ரோடு எனத் துறைகள் உள்ளன. ரயில்ரோடு துறையின் கடைசி முனையிலிருந்து ஊருக்குள் நடக்கக் கால் மணிக்கு மேலாகும். அந்தத் துறைக்கு மேலிருக்கும் மலைச்சரிவில் 2022-ல் பாறைகள் சரிந்ததால் சில கப்பல்களைத் தள்ளி நிறுத்தி, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். படகில் இறங்குவதென்றால் காலையில் வரிசை, மாலையிலும் வரிசை. இரு பக்கமும் அரை அரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

2. ஆவணங்கள்: காருக்கு முன்பே தீர வேண்டியது

இதற்காகவே தனியாக ஒரு மாலை உட்காருங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே வீட்டில் அப்பாவுக்கு எச்-1பி வேலை விசா, அம்மாவுக்கு எச்-4 துணைவர் விசா, குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிக்கு பி-2 சுற்றுலா விசா என்று இருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். அங்கே குழந்தையைத் தவிர எல்லோருக்கும் விசாக் கேள்வி உண்டு.

இரண்டு கேள்விகள்தான். கனடாவுக்குள் விடுவார்களா? அமெரிக்காவுக்குள் திரும்ப விடுவார்களா?

கனடாவுக்குள்: அமெரிக்கக் குடிமக்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் போதும். க்ரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் க்ரீன் கார்டோடு சொந்த நாட்டின் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். எச்-1பி, எஃப்-1 (மாணவர்), பி-2 போன்ற விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடாவின் வருகையாளர் விசா கட்டாயம். அமெரிக்க விசா இருப்பதால் கனடா விட்டுவிடும் என்று நினைத்து வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தேவையில்லை. மலேசியப் பாஸ்போர்ட்டுக்குத் தேவை.

சியாட்டிலில் தொடங்கி அங்கேயே முடியும் க்ரூஸ்கள் வழியில் ஒரு கனடியத் துறைமுகத்தில், பெரும்பாலும் விக்டோரியாவில், நிற்கும். அதற்கே கப்பல் நிறுவனம் கனடா விசா கேட்கும். ஆகவே உங்களிடம் விசா ஏற்கனவே இருக்கலாம். ஆனால் அது பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். ஸ்காக்வேயிலிருந்து எல்லை தாண்டுவது ஒரு நுழைவு, விக்டோரியா இன்னொன்று. வான்கூவரிலிருந்து கிளம்புபவர்கள் அங்கே வந்திறங்கியதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒருமுறை நுழைவு விசாதான் இருக்கிறது என்றால், அது செல்லுமா என்பதைக் கனடியக் குடிவரவுத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியாமல் எல்லைக்குப் போகாதீர்கள்.

அமெரிக்காவுக்குத் திரும்ப: பலமுறை நுழைவுக்கான, காலாவதியாகாத அமெரிக்க விசா இருந்தால் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி, ஐ-94 (அமெரிக்காவில் தங்கும் அனுமதிப் பதிவு) மட்டும் செல்லுபடியாக இருக்கும் எச்-1பி, எஃப்-1காரர்கள், 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பினால் தானியங்கு மறுசெல்லுபடி விதியின் கீழ் வர இடமுண்டு. அதற்கும் நிபந்தனைகள் உள்ளன. கனடாவில் இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அது பொருந்தாது. ஐ-94, ஐ-797 (எச்-1பி ஒப்புதல் தாள்), மாணவர் என்றால் கல்லூரி கையெழுத்திட்ட ஐ-20 படிவம் ஆகியவற்றை அச்செடுத்து வையுங்கள். எல்லையில் போனில் சிக்னல் இல்லாமல் போகலாம். இஎஸ்டிஏ-வில் (விசா தேவைப்படாத நாட்டவருக்கான அமெரிக்க முன் அனுமதி) வருபவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் தரைவழி நுழைவுக்கும் அது தேவை. கப்பலேறும் முன் எடுத்தது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கனடாவில் குடியிருப்பவர்கள், டொராண்டோக்காரர்கள் உட்பட, ஒன்றைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். அமெரிக்க எண்தகட்டோடு இருக்கும் வாடகைக் காரைக் கனடாவில் வசிப்பவர் கனடாவுக்குள் ஓட்டிவருவதற்குச் சுங்க விதிகளில் தனி நிபந்தனைகள் உள்ளன. கனடிய எல்லைச் சேவை முகமையிடமும் வாடகை நிறுவனத்திடமும் இரண்டிடமும் கேளுங்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைத் தேதியோடும் தொலைபேசி எண்ணோடும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா கப்பலிலேயே ஓய்வெடுக்க, அப்பா பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நாளிலும் இது வேண்டும். பேரன் பேத்தியோடு போகும் தாத்தா பாட்டிக்கும் இதேதான்.

இந்த விதிகள் மாறக்கூடியவை. பதிவு செய்யும் வாரத்தில் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை இரு நாட்டு அரசுத் தளங்களிலும் பார்த்துவிடுங்கள். எல்லைச் சாவடிகளின் வேலைநேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அது பருவத்துக்குப் பருவம் மாறும்.

யாராவது ஒருவருக்கு ஆவணம் சரியில்லை என்றால் எல்லோருமே திட்டத்தை மாற்றுங்கள். ஒருவரைக் கணவாய் உச்சியில் இறக்கிவிட்டுப் போக வழியில்லை.

3. திரும்ப வேண்டிய நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் எடுத்த சுற்றுலாப் பேருந்து கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்ததாக இருந்தால், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக எடுத்த காருக்குக் காத்திருக்காது. அதனால் ‘எவ்வளவு தூரம் போகலாம்’ என்று முன்னோக்கி எண்ணாமல், ஆல் அபோர்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கப்பல் இரவு 8 மணிக்குக் கிளம்புகிறது, ஆல் அபோர்டு 7.30 என்று வைத்துக்கொள்வோம்.

ஊரிலிருந்து கப்பலுக்கு நடக்க 25 நிமிடம் கழியுங்கள்: 7.05.
பெட்ரோல் போட்டு, காரை ஒப்படைக்க அரை மணி: 6.35.
எதிர்பாராததற்கு ஒன்றரை மணி: 5.05. இந்த நேரத்தில் நீங்கள் ஸ்காக்வேக்குள் இருக்க வேண்டும்.
அமெரிக்கச் சாவடியில் வரிசைக்கு அரை மணி: 4.35.
எமரால்டு ஏரியிலிருந்து நிற்காமல் திரும்ப ஒன்றேமுக்கால் மணி: 2.50.

ஆக, பிற்பகல் 2.50-க்கு ஏரியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலை 9 மணிக்கு ஸ்காக்வேயில் காரை எடுத்தால், கனடியச் சாவடிக்கு 20 நிமிடம் சேர்த்து 11.05-க்கு அங்கே போய்விடலாம். நடுவில் மூன்றேமுக்கால் மணி நேரம் உங்களுடையது. அருமையான நாள்.

அதே கணக்கை மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குப் போடுங்கள். ஏரியை விட்டு 12.50-க்குக் கிளம்ப வேண்டும். எல்லா நிறுத்தங்களுக்கும் சேர்த்து ஒன்றேமுக்கால் மணிதான் மிஞ்சும். முடியும், ஆனால் மதிய உணவைக் காரிலேயே முடிக்க வேண்டும்.

நண்பகலில் வந்து இரவு 8.30-க்குக் கிளம்பும் கப்பலில் ஆல் அபோர்டு 8 மணி. ஏரியிலிருந்து 3.20-க்குத் திரும்ப வேண்டும். ஆனால் 1.30-க்குக் கார் எடுத்தால் ஏரிக்குப் போய்ச்சேரவே 3.35 ஆகிவிடும். அந்தக் கப்பலில் வருபவர்களுக்கு எமரால்டு ஏரி கிடையாது என்பது வீட்டிலேயே தெரிந்துவிட்டது, பணம் எதுவும் கட்டும் முன்பே.

‘எதிர்பாராததற்கு ஒன்றரை மணி’ அதிகம் என்று பலர் சொல்வார்கள். அதைக் குறைக்காதீர்கள். ஸ்காக்வேயையும் யூகானையும் இணைப்பது இந்த ஒரே சாலை. பாறை சரிந்தாலோ, சாலை வேலைக்காக ஒருவழியாக விட்டாலோ, டயர் பஞ்சரானாலோ சுற்றிவர மாற்றுப்பாதை இல்லை.

4. கணக்குக்குப் பொருந்தும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் இடங்களின் பட்டியலைத் திறக்க வேண்டும். ஸ்காக்வேயிலிருந்து ஏறத்தாழத் தூரம் இது:

அமெரிக்கச் சாவடி 11 கி.மீ.
வொயிட் பாஸ் உச்சி 23 கி.மீ.
ஃப்ரேசரில் கனடியச் சாவடி 36 கி.மீ.
யூகான் தொங்குபாலம் 75 கி.மீ.
கார்க்ராஸ் ஊர் 106 கி.மீ.
கார்க்ராஸ் பாலைவனம் 108 கி.மீ.
எமரால்டு ஏரி 118 கி.மீ.
வொயிட்ஹார்ஸ் நகரம் 177 கி.மீ.

இரண்டு நாட்டுச் சாவடிகளும் எல்லைக்கோட்டில் எதிரெதிரே இல்லை, நடுவில் மலை இருக்கிறது. போகும்போது அமெரிக்கச் சாவடியில் நிற்க வேண்டியதில்லை. திரும்பும்போதுதான் நிற்க வேண்டும்.

என் பரிந்துரை, நீண்ட நாள் கிடைப்பவர்களுக்கு எமரால்டு ஏரி. அதன் பச்சையும் நீலமும் ஏரியடியில் படிந்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் களிமண்ணில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகின்றன. எனவே வெயில் வேண்டும். சூரியன் உச்சியை ஒட்டியிருக்கும்போது நிறம் நன்றாக எடுக்கும். மே மாதத் தொடக்கத்தில் போகிறவர்கள் ஏரி உறைந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் நிறத்தை நம்பி அத்தனை தூரம் போவதைவிட, உச்சியிலும் வழியிலுள்ள டுட்ஷி ஏரிக்கரையிலும் கூடுதல் நேரம் நிற்பது மேல்.

குறுகிய நாளுக்குத் தொங்குபாலம் வரை. உள்ளே போகக் கட்டணம் உண்டு. பாலத்தில் ஏறாவிட்டாலும் உச்சியிலிருந்து அதுவரையுள்ள பாதைதான் இந்தச் சாலையிலேயே மிக அழகான பகுதி: மரம் குறைந்த பாறைவெளி, சிறு சிறு நீர்நிலைகள், பிறகு நீண்டு கிடக்கும் டுட்ஷி ஏரி.

வொயிட்ஹார்ஸ் வேண்டாம். நீண்ட நாளில் கணக்கு இடம் கொடுக்கும். ஆனால் எமரால்டு ஏரிக்குப் பிறகு சாலை சமநிலமாகிவிடும், அந்தக் கூடுதல் தூரத்தில் வழியில் நிற்க வேண்டிய நேரமெல்லாம் கரைந்துபோகும். யூகான் தலைநகரைத் தொட்டுவிட்டோம் என்ற திருப்திக்காக இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

கனடா விசா இல்லாதவர்களுக்கு டையா என்ற இடம். ஸ்காக்வேயிலிருந்து சுமார் 15 கி.மீ., முழுக்க அமெரிக்காவுக்குள். தங்கம் தேடிப் போனவர்கள் நடந்த சில்கூட் நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம், ஒரு பகுதி தார் போடாதது. வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். கணவாய்க் காட்சிதான் வேண்டும் என்றால் வொயிட் பாஸ் ரயிலில் உச்சிவரை போய்த் திரும்பும் பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘உச்சிவரை காரில் போய்த் திரும்பினால் கனடா போகவில்லைதானே’ என்று சிலர் கிளம்புகிறார்கள். திரும்பும் வழியில் அமெரிக்கச் சாவடி இருக்கிறது, அங்கே எல்லோரையும் விசாரிப்பார்கள். ஆவணத்தில் சிறு குழப்பம் இருப்பவர்களும் அதைச் செய்ய வேண்டாம்.

5. இப்போது காரைப் பதிவு செய்யுங்கள்

ஸ்காக்வே மிகச் சிறிய ஊர். வாடகைக் கார்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். ஒரே நாளில் பல கப்பல்கள் வரும். க்ரூஸ் உறுதியானதும் பதிவு செய்துவிடுங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்தையே எடுங்கள், ஏனென்றால் காற்றோ மூடுபனியோ காரணமாகக் கப்பல் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவதுண்டு.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை: காரைக் கனடாவுக்குள் கொண்டுபோகலாமா, அதற்கான காப்பீட்டு அட்டை காரில் இருக்குமா? அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும்? மூடிய பிறகு சாவியைப் போட்டுவிட்டுப் போகலாமா? குழந்தை இருக்கை உண்டா? கார் நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது? உங்கள் கிரெடிட் கார்டு தரும் காப்பீடு கனடாவிலும் செல்லுமா என்பதைக் கார்டு நிறுவனத்திடம் தனியே கேளுங்கள்.

அலுவலகம் மாலை 6 மணிக்கு மூடும், சாவிப் பெட்டியும் கிடையாது என்றால், 3-ஆம் படியில் போட்ட கணக்கை மீண்டும் போடுங்கள். உங்கள் கெடு கப்பலுடையதாக இல்லாமல் அந்த அலுவலகத்தினுடையதாகிவிடும். இதைக் கவனிக்காதவர்கள் பலர்.

உரிமத்தில் ஆங்கிலம் இருந்தாலும், இந்திய, இலங்கை உரிமத்தோடு ஓட்டப்போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வருவது நல்லது. அசல் உரிமம் இல்லாமல் அது மட்டும் செல்லாது. இரு நாட்டிலும் வண்டி சாலையின் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் மட்டுமே ஓட்டிப் பழகியவர் முதல்முறையாக வலப்பக்கம் ஓட்ட இந்த மலைச்சாலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களும், ஒரே ஓட்டுநர் இருந்து அவருக்குச் செங்குத்துச் சாலை பயம் என்றாலும், பேருந்துச் சுற்றுலாவையே எடுங்கள். ஓட்டுபவருக்கும் காட்சி வேண்டும் அல்லவா? இரண்டே பேர் என்றால் செலவிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நான்கைந்து பேராகப் போகும்போதுதான் கார் லாபம்.

6. முந்தின இரவு

பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் ஊழியர்கள் வாங்கி வைத்திருந்தால் விருந்தினர் சேவை மேசையில் கேட்டு இன்றே வாங்குங்கள். உங்கள் கேபின் பெட்டகத்தில் இருந்தால் இன்றே பையில் போடுங்கள். மற்ற துறைமுகங்களில் கப்பல் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் பெட்டகத்தில் விட்டுவிட்டு வாடகை அலுவலகத்தில் நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சாலையில் கார்க்ராஸ்வரை பெரும்பகுதி போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி தரவிறக்கி வையுங்கள். பின்னோக்கிக் கணக்கைத் தாளில் எழுதி, வண்டியில் உட்காரப்போகும் எல்லோருக்கும் காட்டுங்கள். ஓட்டுபவர் மட்டும் அறிந்த கெடுவை மற்றவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் நீட்டிக்கொண்டே போவார்கள்.

கடிகாரம் முக்கியம். கோடையில் யூகான் நேரம் அலாஸ்கா நேரத்தைவிட ஒரு மணி முன்னே. கப்பல் நேரம் பெரும்பாலும் அலாஸ்கா நேரத்தில் இருக்கும், ஆனால் எப்போதும் அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில கப்பல்கள் கிளம்பிய ஊரின் நேரத்தையே வைத்துக்கொள்ளும். போன் எல்லை தாண்டிச் சிக்னல் பிடித்ததும் தானாக மாறிவிடும். ஆகவே கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அதை மட்டுமே நம்புங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் வழியில் கிடைக்கும் என்று போகாதீர்கள். கப்பல் பஃபேயிலிருந்து உணவைக் கரைக்கு எடுத்துப்போகக் கூடாது. உறை பிரிக்காத பிஸ்கட், சிப்ஸ், கடலை வகைகளை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், அல்லது ஸ்காக்வே கடையில் வாங்குங்கள். பழமும் இறைச்சியும் எல்லையில் தொல்லை.

7. காலையில் கரையிறங்கி, மலையேறி

கதவு திறந்ததும் இறங்குங்கள். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அவற்றுக்கு முன்னால் போனால் கனடியச் சாவடியில் காத்திருப்பு குறையும்.

காரை எடுத்ததும் நான்கு பக்கமும் கண்ணாடியையும் வீடியோ எடுங்கள். உதிரி டயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பெட்ரோல் முழுத் தொட்டி இருந்தால் எமரால்டு ஏரிக்குப் போய்த் திரும்ப 236 கி.மீ.க்குத் தாராளம். குறைவாகக் கொடுத்தால் ஊரை விட்டு வெளியேறும் முன் நிரப்புங்கள். கார்க்ராஸில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடல்மட்டத்திலிருந்து 23 கி.மீ.க்குள் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிறீர்கள். சில இடங்களில் ஏற்றம் 11 சதவீதம் வரை. ஸ்காக்வேயில் வெயிலடித்தாலும் உச்சியில் மூடுபனி இருக்கலாம். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, முன்வண்டியிலிருந்து விலகிப் போங்கள். மூடுபனியைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மழைமேகங்களை மலை தடுத்துவிடுவதால், கணவாய்க்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் வறண்ட வானிலைதான்.

ஃப்ரேசர் சாவடியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஓட்டுபவர் ஒரே கட்டாகக் கொடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ‘கப்பலில் வந்தோம், எமரால்டு ஏரிவரை போய் இன்று மாலையே திரும்புகிறோம்’ என்பது போதும். உணவு எது இருந்தாலும் கேட்கும்போது சொல்லிவிடுங்கள்.

எல்லை தாண்டியதும் வேகப்பலகைகள் கிலோமீட்டருக்கு மாறும். காரின் பெரிய முள் மைலில் காட்டும். ‘50’ என்ற பலகையைப் பார்த்து 50 மைல் வேகத்தில் போனால் 80 கி.மீ. ஆகிவிடும். கார்க்ராஸ் ஊருக்குள் நுழையும் இடத்தில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

8. கடைசி இடத்துக்கு முதலில் போங்கள்

புதிதாகப் போகிறவர்கள் முதல் காட்சிமுனையிலேயே இருபது நிமிடம் நின்றுவிடுகிறார்கள், அடுத்ததிலும் அப்படியே. கார்க்ராஸுக்குப் போகும்போதே கெடு நெருங்கிவிடும். எதற்காகக் கிளம்பினார்களோ அந்த ஏரிக்குப் பத்து நிமிடம்கூட மிஞ்சாது.

போகும்போது கழிப்பறைக்கு மட்டும் நிறுத்துங்கள். நேராக எமரால்டு ஏரிக்குப் போய், அங்கிருந்து கப்பலை நோக்கி வரும் வழியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நிறுத்தமும் கப்பலுக்கு அருகில் வந்துகொண்டே இருக்கும். நேரம் குறைந்தால் ஒன்றை விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை. காலையில் மூடுபனிக்குள் மறைந்திருந்த உச்சியும் பிற்பகலில் தெளிய வாய்ப்புண்டு.

ஏரிக்கு அரை மணி கொடுங்கள். சாலையோர நிறுத்தத்திலிருந்தே முழு ஏரியும் தெரியும். அடுத்து கார்க்ராஸ் பாலைவனம். பழைய பனிப்பாறை ஏரியின் அடிமணல், ஒரு சதுர மைல் அளவுதான். பிள்ளைகள் இருந்தால் இங்கே அரை மணி ஓடவிடுங்கள், காரில் உட்கார்ந்த சலிப்பு தீரும். கார்க்ராஸ் ஊரில் மதிய உணவு. கார்க்ராஸ்/டாகிஷ் முதற்குடியினரின் மண் அது. ஊர் நடுவிலுள்ள கடைகளில் அவர்களுடைய மரச்சிற்பங்களையும் ஓவியங்களையும் நின்று பாருங்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். கழிப்பறை வசதியும் இங்கே உண்டு. பென்னெட் ஏரிக்கரை மணல் நடந்துபோகும் தூரம்தான், காற்று மட்டும் கடுமையாக வீசும். கையுறையும் தலைமூடியும் ஜூலையிலும் உதவும்.

அதற்குப் பிறகு போவ் தீவு தெரியும் காட்சிமுனை, டுட்ஷி ஏரிக்கரை, உச்சிக்கு முன்னால் வரும் பாறைவெளி. இவற்றுக்குப் பத்துப் பத்து நிமிடம் போதும்.

கரடி கண்ணில் பட்டால், முக்கியமாக மே, ஜூனில் சாலையோரப் புல்லிலும் பூவிலும் மேயும்போது, காரை விட்டு இறங்காதீர்கள். நடுச்சாலையிலோ வளைவிலோ நிறுத்தாதீர்கள். பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். ஒதுக்கிடம் இருந்தால் மட்டும் ஒதுங்கி, கண்ணாடியை ஏற்றியபடி பாருங்கள். சாப்பாட்டை வீசுவது அந்தக் கரடிக்கே கேடு. மனிதரை அண்டிப் பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டிவரும்.

9. இறக்கமும் அமெரிக்கச் சாவடியும்

உச்சியிலிருந்து கீழே வரும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். சூடேறிப் பிடிப்பு குறையும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கீழே இறக்க வசதி இருக்கும். காலையில் கிளம்பும் முன்பே அது எங்கே என்று பார்த்துவைத்தால், இறக்கத்தில் தேட வேண்டாம். பெரிய லாரி பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

பிற்பகலில் எல்லாப் பேருந்துகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அமெரிக்கச் சாவடிக்கு வரும். அரை மணி ஒதுக்கியது இதற்குத்தான். ஐ-94, ஐ-797 தாள்களை மேலே எடுத்து வையுங்கள். கார்க்ராஸில் வாங்கியதைச் சொல்லுங்கள். யூகானில் சட்டப்படி கடையில் விற்கும் கஞ்சாப் பொருட்களை எல்லை தாண்டிக் கொண்டுவருவது இரு பக்கமும் குற்றம்; விசாவில் இருப்பவருக்கு அது வாழ்நாள் சிக்கலாகிவிடும். மிட்டாய் வடிவிலும் இருக்கும் என்பதால், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கும்போது கடையையும் உறையையும் பார்த்து வாங்குங்கள்.

10. காரை ஒப்படைத்த பிறகு

பெட்ரோல் நிரப்பிய ரசீதைப் படமெடுங்கள். காரை விட்ட இடத்தில் மீண்டும் ஒரு வீடியோ. சாவிப் பெட்டியில் போடுகிறீர்கள் என்றால் பெட்ரோல் முள்ளும் ஓடிய தூரமும் தெரியும்படி ஒரு படம். இருக்கைக்கடியில் பாஸ்போர்ட் விழுந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கொன்று.

சேமித்த ஒன்றரை மணி செலவாகாமல் கையில் இருந்தால் பிராட்வே தெருவில் நடக்கலாம், காபி குடிக்கலாம்.

வழியில் ஏதாவது நடந்து நேரம் தவறப்போகிறது என்று தெரிந்தால், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து உடனே கப்பலின் துறைமுக முகவரைக் கூப்பிடுங்கள். அவருடைய எண் கப்பலின் தினசரித் தாளில் அச்சாகியிருக்கும். இறங்கும் முன் அந்தத் தாளைப் படமெடுத்து வையுங்கள். கப்பல் காத்திருக்காவிட்டாலும், அடுத்த துறைமுகத்தில் எப்படிச் சேருவது என்பதற்கு முதலில் உதவக்கூடியவர் அவர்தான்.